கரை இறங்கும் நாளும் இறங்காத நாளும்

உல்லாசக் கப்பல் பயணம் என்பது ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய்ச் சேர்வதற்காக அன்றி, கப்பலிலேயே தங்கி உண்டு உறங்கிப் பொழுது போக்குவதற்காக மேற்கொள்ளப்படும் கடற்பயணமாகும். பெரும்பாலும் புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பி வந்து முடியும் அப்பயணத்தின் நாட்கள் இரு வகைப்படும். கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்க, பயணிகள் காலையில் இறங்கி ஊர் சுற்றி மாலையில் திரும்பும் நாள் துறைமுக நாள். எந்தக் கரையையும் தொடாமல் கப்பல் பகலும் இரவும் ஓடிக்கொண்டிருக்கும் நாள் கடல் நாள். இவ்விரண்டில் எது மிகுந்த பயணத்தைத் தேர்வது என்பது மேலைநாட்டுப் பயணிகளிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் விவாதம். தமிழ்நாட்டில் அதற்குப் பொருள் ஏற்பட்டது 2022ஆம் ஆண்டுக்குப் பிறகுதான்.

அவ்வாண்டு ஜூன் 4ஆம் நாள் சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்த கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’, 1990இல் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயருடன் சேவைக்கு வந்து, புளோரிடாவுக்கும் பஹாமாஸ் தீவுகளுக்கும் இடையே மூன்று நான்கு நாள் பயணங்கள் செய்வதற்கென்றே கட்டப்பட்ட கப்பலாகும். மும்பையை மையமாகக் கொண்டு ஓடும் அது ஜூன் மாதத்தில் சென்னைக்கு இடம் மாறுவதற்குக் காரணம் தென்மேற்குப் பருவக்காற்று. அக்காற்று அரபிக்கடலைக் கொந்தளிக்கச் செய்து மேற்குக் கரையில் உல்லாசப் பயணத்தை இயலாததாக்கும்போது, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இப்பால் உள்ள சோழமண்டலக் கரை ஓரளவு அமைதியாக இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து, கொங்கு நாட்டின் பல்லடம், குண்டடம், தாராபுரம் வட்டாரத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றும் அதுவே. மழை மறைவுப் பகுதியான குண்டடத்துக்கு மின்சாரத்தையும் புழுதியையும் மட்டுமே தந்து போகும் அந்தக் காற்றுதான், சென்னைக்கு ஆண்டில் சில மாதங்கள் ஓர் உல்லாசக் கப்பலையும் அனுப்பிவைக்கிறது.

முதல் பருவத்தில் அந்நிறுவனம் இரு வகைப் பயணங்களை அறிவித்தது. ஒன்று, சென்னையில் புறப்பட்டு ஆழ்கடலில் சுற்றி எந்த ஊரையும் தொடாமல் சென்னைக்கே திரும்பும் இரண்டு இரவுப் பயணம். மற்றொன்று, விசாகப்பட்டினத்தையும் புதுச்சேரியையும் தொட்டுத் திரும்பும் ஐந்து இரவுப் பயணம். இரண்டாவதில் விசாகப்பட்டினம் வரை தடையில்லை. கப்பலில் சூதாட்டக் கூடம் இருப்பதாக எதிர்ப்பு எழுந்ததை அடுத்து, புதுச்சேரியின் துணைநிலை ஆளுநர் பொறுப்பை அப்போது வகித்த தமிழிசை சௌந்தரராஜன், பண்பாட்டைக் குலைக்கும் எதற்கும் இடமில்லை என்ற நிலையை எடுத்ததால், புதுச்சேரிக்கு வெளியே வந்து நின்ற கப்பலுக்கு அனுமதி கிடைக்காமல், அது பயணிகளை இறக்காமலேயே சென்னைக்குத் திரும்பியது. துறைமுக நாள் என்று விற்கப்பட்ட நாள், கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில், கடல் நாளாக முடிந்தது. 2025 ஜூலையில்தான் அக்கப்பலின் பயணிகள் புதுச்சேரியில் இறங்க முடிந்தது.

அந்நிகழ்ச்சி ஓர் உண்மையை வெளிப்படுத்தியது: ஒரு பயணத்தில் எத்தனை நாள் கடலில், எத்தனை நாள் கரையில் என்பதைப் பயணியின் விருப்பம் தீர்மானிப்பதில்லை, சட்டமும் எரிபொருளும் கப்பல் நிறுவனத்தின் கணக்கும் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவில் 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அயல்நாட்டுக் கொடி தாங்கிய கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் மட்டும் பயணிகளை ஏற்றிச் செல்வதைத் தடுக்கிறது. அதனால்தான் சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்குச் செல்லும் கப்பல்கள், பல நேரங்களில் மாலைப் பொழுதில் சில மணி நேரத்துக்கேனும், கனடாவின் விக்டோரியாவில் நின்று போகின்றன. ஊரைக் காட்டுவதற்காக அன்றிச் சட்டத்தை நிறைவேற்றுவதற்காக அமைந்த துறைமுக நாள் அது. எரிபொருளின் கணக்கு வேறு: கப்பலின் வேகம் இரு மடங்கானால் அதற்குத் தேவைப்படும் எந்திர ஆற்றல் ஏறத்தாழ எட்டு மடங்காகும் என்பதால், இரண்டு ஊர்களை அவசரமாக இணைப்பதைவிட ஒரு பகல் முழுவதும் மெதுவாக ஓடுவது நிறுவனத்துக்கு மிச்சம். இதனோடு, கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர், வரை நீளும் ஆட்சிக் கடலைத் தாண்டிய பிறகே சூதாட்டக் கூடமும் வரியில்லாக் கடையும் பொதுவாகத் திறக்கப்படும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கடல் நாள் நிறுவனத்துக்கு ஏன் இனிக்கிறது என்பது விளங்கும். துறைமுக நாளில் பயணியின் பணம் ஊர்க்காரனுக்குப் போகிறது. அதையும் விட மனமில்லாத சில நிறுவனங்கள் பஹாமாஸில் தீவுகளையே கைக்கொண்டு அவற்றைத் துறைமுகமாக்கிக் கொண்டன. நார்வீஜியன் நிறுவனம் 1977இலேயே இதைத் தொடங்கிவிட்டது.

தமிழ்ப் பயணியின் நாட்டம், பொதுவாகப் பார்த்தால், துறைமுக நாளின் பக்கமே சாய்கிறது. ஒரு வேன் பிடித்து ஒரே நாளில் நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் பார்த்துத் திரும்பும் வழக்கம் உள்ள நாட்டில், பார்த்த இடங்களின் எண்ணிக்கையே பயணத்தின் அளவுகோலாக இருப்பது இயல்பு. ஆனால் அந்த அளவுகோல் கப்பலுக்குப் பொருந்துவதில்லை. காலை எட்டு மணிக்குக் கரையைத் தொட்டு மாலை ஐந்து மணிக்குக் கிளம்பும் கப்பலில், இறங்குவதற்கான வரிசை, சோதனை, பேருந்து, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரும்பிவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு ஆகியவற்றைக் கழித்தால், ஊருக்கென்று எஞ்சுவது ஐந்து ஆறு மணி நேரம். விசாகப்பட்டினத்துக்குச் சென்னையிலிருந்து ஓரிரவு ரயிலில் போய், விரும்பிய நாள் வரை தங்கலாம்; புதுச்சேரிக்கோ பேருந்தே போதும். பேருந்தும் ரயிலும் மலிவாகக் கொண்டு சேர்க்கும் ஊரைச் சில மணி நேரம் பார்ப்பதற்குக் கப்பல் கட்டணம் கொடுப்பது, கொங்கு நாட்டுக் கணக்குப்படியே நட்டம்.

நிலவழியில் எளிதில் எட்டாத துறைமுகங்களின் கணக்கு வேறு. 2023 ஜூன் மாதம் மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் தொடங்கி வைத்த சென்னை – இலங்கைப் பயணத்தில் எம்ப்ரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களைத் தொட்டது. உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகிய திருகோணமலைக்குள் கப்பல் நுழையும் காட்சி, கொழும்பிலிருந்து சாலை வழியே வருபவருக்குக் கிடைக்காது. குன்றின் விளிம்பில் நிற்கும் திருக்கோணேசுவரத்தைக் கடலிலிருந்து முதலில் காண்பதும் அப்படியே. அத்தகைய துறைமுக நாளுக்காக ஒரு கடல் நாளை விட்டுக்கொடுப்பதில் தவறில்லை.

கடல் நாளைப் பற்றிப் பேசும்போது, அது வெறுமனே கழியும் நாள் என்ற எண்ணத்துக்கு எதிராகத் தமிழர் மூவரின் பயணங்களை நினைவுகூராமல் இருக்க இயலாது. 1921இல் இங்கிலாந்திலிருந்து ‘நார்குண்டா’ கப்பலில் திரும்பிய சி.வி. ராமன், மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்ற இயற்பியலாளர் ரேலியின் கருத்தை ஏற்காமல், ஒளியைக் குறிப்பிட்ட திசையில் மட்டும் அதிரச் செய்து மேற்பரப்பின் பிரதிபலிப்பை நீக்கிக் காட்டும் நிக்கல் பட்டகம் என்னும் சிறு கருவியைக் கொண்டு கப்பலிலிருந்தே கடலைப் பார்த்தார். பிரதிபலிப்பு நீங்கிய பின்னும் நீலம் மங்கவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்பது அவர் முடிவு. மும்பைத் துறைமுகத்தை அடைந்ததும் ‘நேச்சர்’ இதழுக்கு அவர் அனுப்பிய குறிப்பே, 1928இல் ராமன் விளைவாகவும் 1930இல் நோபல் பரிசாகவும் முடிந்த ஆய்வின் தொடக்கமாகும். 1930 ஜூலை 31ஆம் நாள் மும்பையில் ‘பில்ஸ்னா’ கப்பலேறிய, பத்தொன்பது வயதே ஆன அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர், இங்கிலாந்தை நோக்கிய அப்பயணத்தில்தான், வெண்குறு விண்மீன் என்னும் எரிந்து தணிந்த விண்மீனின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பதைக் கணக்கிட்டார். பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியாருக்குக் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் தோன்றியதும் 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்ற கப்பலில்தான். இவர்கள் யாரும் உல்லாசப் பயணிகள் அல்லர். இன்றைய கப்பலில் கடல் நாள் என்பது நீச்சல் குளத்தருகே பாட்டும், அரங்கத்தில் ஆட்டமும், நான்கு வேளைச் சாப்பாடுமாகக் கழிவது. கடலைப் பார்க்க விரும்புபவர் அதற்கென ஒரு மூலையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

கடல் நாளை எல்லாத் தமிழரும் இன்பமாக நினைத்ததில்லை. 1926இல் கட்டப்பட்டு, சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூர் வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்துச் சென்ற ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு ஒவ்வொரு கடல் நாளும் எண்ணித் தீர்க்க வேண்டிய நாளாகவே இருந்தது. திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியாளருக்கு இன்றும் அப்படித்தான்: தூத்துக்குடியில் ஏற்றிய சரக்குப் பெட்டி, 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பின் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக நேர்ந்தபோது, கூடிய ஒவ்வொரு நாளும் வட்டியாகவும் வாங்குபவரின் கோபமாகவும் வந்து சேர்ந்தது.

உடல் ஒத்துழைக்குமா என்பது இன்னொரு கேள்வி. உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு உணரும் அசைவும், கண் காணும் அசையாத அறையும் முரண்படுவதால் உண்டாகும் கடல் நோய், கடல் நாளையே மிகுதியாகத் தாக்கும். துலாவின் நடுப்பகுதி குறைவாகவும் முனைகள் மிகுதியாகவும் ஏறி இறங்குவதுபோலவே கப்பலும் அசைவதால், கீழ்த்தளத்தில் நடுவே உள்ள அறையைக் கேட்டு வாங்குவதும், தலை சுற்றும்போது மேலே வந்து தொடுவானத்தைப் பார்ப்பதும் பயன் தரும்.

கப்பலேறச் சென்னைக்கே போக வேண்டியதில்லை; கொங்கு நாட்டுக் குண்டடத்துக்குச் சென்னையைவிடக் கொச்சியே அருகில் உள்ளது. தொலைவு ஏறத்தாழப் பாதிதான். அங்கிருந்து லட்சத்தீவு நிர்வாகம் வகுத்துள்ள ‘சமுத்திரம்’ என்னும் பயணம், இரவெல்லாம் ஓடிப் பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளில் இறக்கும் முறையில் அமைந்திருப்பதால், கடல் நாள் ஏறக்குறைய இல்லாத உல்லாசப் பயணம் என்று அதைச் சொல்லலாம். பருவமழைக் காலத்தில் அது இல்லை. தீவுகளுக்குள் செல்ல முன்னனுமதியும் வேண்டும். பெரிய கப்பல்கள் அத்தீவுகளின் பவளத்திட்டுக்கு வெளியே நங்கூரமிட்டுச் சிறு படகுகளில்தான் பயணிகளை இறக்குகின்றன என்பதால், அலை உயர்ந்த நாளில் இறங்க இயலாமல் போகலாம். துறைமுகத்தை மாற்றவோ தவிர்க்கவோ கப்பல் நிறுவனங்கள் பொதுவாக ஒப்பந்தத்திலேயே உரிமை வைத்துக்கொள்வதால், இறங்காத நாளுக்குத் துறைமுகக் கட்டணமாவது திரும்பக் கிடைக்குமா என்பதைச் சீட்டு வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.