உக்ரைன் தீர்மானத்தை நட்பு நாடுகளே ஆதரிக்காதது ஏன்? சந்தேகங்களும் விளக்கங்களும்

ரஷியப் படையெடுப்பு தொடங்கி 3 ஆண்டுகள் நிறைவடைந்த 2025 பிப்ரவரி 24-இல், ஐ.நா. பொதுச் சபையில் உக்ரைன் குறித்து வாக்கெடுப்பு நடந்தது. போரில் உக்ரைனுக்கு ஆயுதம் வழங்கிவந்த அமெரிக்கா, அந்நாட்டின் தீர்மானத்தையே எதிர்த்து வாக்களித்தது. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. இது தொடர்பான சந்தேகங்களும் விளக்கங்களும்:

அன்று என்னதான் நடந்தது?

உக்ரைனும் ஐரோப்பிய நாடுகளும் கொண்டுவந்த தீர்மானத்துக்கு 93 நாடுகள் ஆதரவும் 18 நாடுகள் எதிர்ப்பும் தெரிவித்தன. 65 நாடுகள் ஒதுங்கின. 2022 மார்ச் 2-இல் இதேபோன்ற கண்டனத்துக்கு 141 நாடுகளின் ஆதரவு இருந்தது. அமெரிக்கா தனியே கொண்டுவந்த சிறு வரைவில் ரஷியாவின் மீது குற்றச்சாட்டே இல்லை. படையெடுத்தது ரஷியாதான் என்பதை ஐரோப்பிய நாடுகள் திருத்தமாகச் சேர்த்ததும், தன் சொந்தத் தீர்மானத்திலேயே அமெரிக்கா ஒதுங்கிக்கொண்டது.

அமெரிக்காவைச் சம்மதிக்கவைக்க யாரும் முயலவில்லையா?

முயன்றனர். பிரான்ஸ் அதிபர் மேக்ரான் அன்றைய தினமே வெள்ளை மாளிகையில் அதிபர் டிரம்பைச் சந்தித்தார். ஆனால், ரஷியாவுடன் விரைவாக உடன்பாடு காண விரும்பிய டிரம்ப் நிர்வாகம் கண்டன வாசகங்களை ஏற்கவில்லை. திருத்தப்படாத அமெரிக்க வரைவு பாதுகாப்பு கவுன்சிலில் 10 வாக்குகளுடன் நிறைவேறியது. பிரிட்டன், பிரான்ஸ் உள்பட 5 நாடுகள் ஒதுங்கின.

ஒதுங்கிய நாடுகள் எந்தக் கணக்கில் சேரும்?

எந்தக் கணக்கிலும் சேராது. முக்கியத் தீர்மானங்களுக்கு, வாக்களித்த நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கின் ஆதரவு தேவை. ஒதுங்கியவை வாக்களித்தவையாகக் கருதப்படுவதில்லை. அன்று வாக்களித்தவை 111 என்பதால் 74 வாக்குகளே போதுமானவையாக இருந்தன.

தீர்மானம் நிறைவேறினால் ரஷியா வெளியேறியே ஆக வேண்டுமா?

இல்லை. பொதுச் சபைத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தும் அதிகாரம் உள்ள பாதுகாப்பு கவுன்சிலில் 2022 பிப்ரவரி 25-இல் 11 நாடுகள் ஆதரித்த கண்டனத்தை ரஷியா தனது ரத்து அதிகாரத்தால் வீழ்த்தியது.

இந்தியா ஏன் ஒதுங்குகிறது?

இதன் வேர் 1971-இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 9-இல் இந்தியாவும் சோவியத் யூனியனும் நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்டன. டிசம்பரில் வங்கதேசப் போர் மூண்டபோது, போர்நிறுத்தம் கோரிய தீர்மானங்களை சோவியத் யூனியன் பாதுகாப்பு கவுன்சிலில் 3 முறை தடுத்தது. ஆனால் பொதுச் சபையிலோ 104 நாடுகள் போர்நிறுத்தம் கோரி வாக்களித்தன. எதிர்த்தவை இந்தியா உள்பட 11 மட்டுமே. ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் நுழைந்ததைக் குறித்து 1980 ஜனவரி 14-இல் நடந்த வாக்கெடுப்பிலும் இந்தியா ஒதுங்கியது.

பழைய நன்றிக்கடன் மட்டும்தான் காரணமா?

அல்ல. ராணுவத் தளவாடங்கள், கச்சா எண்ணெய் எனத் தேவைகளும் உண்டு. கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் திறனில் இயங்கும் 2 அணு உலைகளும் ரஷிய உதவியால் அமைந்தவை. இருப்பினும், 2022 செப்டம்பரில் சாமர்கண்ட்டில் ரஷிய அதிபர் புதினிடமே, இது போருக்கான காலமல்ல என்று பிரதமர் மோடி கூறினார். நேரில் சொன்ன அந்தச் சொல் வாக்குச்சீட்டில் ஏறாதது, தாக்கப்பட்ட நாட்டுக்கு இழப்பே.

இந்தியா எந்த நாட்டுக்கு எதிராகவும் வாக்களித்ததே இல்லையா?

நெருங்கிய அண்டை நாடான இலங்கைக்கு எதிராக வாக்களித்துள்ளது. இறுதிக்கட்டப் போர் தொடர்பாக ஜெனீவாவில் மனித உரிமை கவுன்சிலில் வந்த தீர்மானங்களை, தமிழகத்தின் கடும் அழுத்தத்துக்கிடையே 2012, 2013-இல் இந்தியா ஆதரித்தது. கடுமையான வாசகங்கள் கோரி திமுக மத்திய அரசிலிருந்து விலகியது 2013 மார்ச்சில்தான். ஆனால் 2014-இல் இந்தியா ஒதுங்கிவிட்டது.

ஒதுங்கிய நாடுகள் பின்னர் நிலைப்பாட்டை மாற்றலாமா?

மாற்றலாம். ஒருமுறை அளித்த வாக்கு அடுத்த வாக்கெடுப்பைக் கட்டுப்படுத்தாது. உக்ரைன் குறித்த அவசரச் சிறப்புக் கூட்டம் 2025 பிப்ரவரி வாக்கெடுப்புக்குப் பின் முடித்துவைக்கப்படவில்லை; தற்காலிகமாக ஒத்திவைக்கவே பட்டது. உறுப்பு நாடுகள் கோரினால் அதை மீண்டும் கூட்டலாம்.