‘கிரெட்டா எலெக்ட்ரிக்’ உங்கள் குடும்பத்துக்கு செட் ஆகுமா? - டெஸ்ட் டிரைவுக்கு முன்னால் போட வேண்டிய கணக்குகள்

தாம்பரம் பக்கம் சொந்த ஃபிளாட், ஓ.எம்.ஆரில் ஆபீஸ், மதுரையில் அப்பா - அம்மா, எல்.கே.ஜி. படிக்கும் ஒரு குழந்தை. இப்படி ஒரு குடும்பம் அடுத்த கார் எலெக்ட்ரிக் ஆக இருக்கட்டும் என்று முடிவெடுத்தால், முதலில் கண்ணில் படும் பெயர்களில் ஒன்று ஹூண்டாய் ‘கிரெட்டா எலெக்ட்ரிக்’. பெட்ரோல், டீசல் கிரெட்டா 2015-லிருந்து நம் ரோடுகளில் ஓடுகிறது. தெருவுக்கு ஒன்றாவது நிற்கும். அதனால் இதன் எலெக்ட்ரிக் வெர்ஷனை ‘தெரிந்த வண்டி’ என்றே பலர் நம்புகிறார்கள். நம்பலாம்தான். ஆனால், பெட்ரோல் கிரெட்டா வாங்கும்போது கேட்கும் கேள்விகளும் இதற்குக் கேட்க வேண்டிய கேள்விகளும் ஒன்றல்ல.

முதலில் அடிப்படை விவரங்கள். 2025 ஜனவரியில் டெல்லி பாரத் மொபிலிட்டி கண்காட்சியில் அறிமுகமானது. அப்போது தொடக்க எக்ஸ்-ஷோரூம் விலை ரூ.17.99 லட்சம், டாப் வேரியன்ட் ரூ.23.50 லட்சமாக இருந்தது. 42 கிலோவாட் ஹவர், 51.4 கிலோவாட் ஹவர் என இரண்டு பேட்டரிகள். அறிமுகத்தின்போது சொல்லப்பட்ட ரேஞ்ச் முறையே 390 கி.மீ., 473 கி.மீ. பெரிய பேட்டரி வண்டி 0-விலிருந்து 100 கி.மீ. வேகத்தை 7.9 விநாடிகளில் தொடும். குடும்பத்தோடு போகும்போது இந்த 7.9-க்கு வேலையே இல்லை. லாரியை ஓவர்டேக் செய்யும்போது மட்டும் மனசுக்கு நிம்மதி.

473 கி.மீ. நிஜமாகவே ஓடுமா?

ஓடாது. இதில் கம்பெனி பொய் சொல்கிறது என்று அர்த்தமில்லை. ரேஞ்ச் அளக்கும் இந்திய டெஸ்ட், லேபில் உருளைகள் மேல் வண்டியை ஓட்டிப் பார்ப்பது. அதிகபட்ச வேகமே மணிக்கு 90 கி.மீ.தான், அதுவும் கொஞ்ச நேரம்தான். ஏ.சி. ஓடாது, பின் சீட்டில் தாத்தா பாட்டி இருக்க மாட்டார்கள், டிக்கியில் அரிசி மூட்டை இருக்காது.

நிஜத்தில் பார்க்க வேண்டியது 100 கி.மீ. போக எத்தனை யூனிட் செலவாகிறது என்பதை. பெட்ரோல் வண்டியில் ‘மைலேஜ் எவ்வளவு’ என்று கேட்கிறோமே, அதேதான். இந்த சைஸ் வண்டி ஆள், லக்கேஜ், ஏ.சி. சகிதம் ஹைவேயில் 100 கி.மீ. வேகத்தில் போனால் 100 கி.மீ.க்கு 16 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். பேட்டரியை 10 சதவீதத்துக்குக் கீழே இறக்காமல் ஓட்டுவது நல்லது. அப்படிப் பார்த்தால் 51.4 பேட்டரியில் முதல் ஓட்டம் சுமார் 290 கி.மீ. 42 பேட்டரியில் சுமார் 235 கி.மீ.

சிட்டிக்குள் கதை தலைகீழ். பெட்ரோல் வண்டி டிராஃபிக்கில் குடித்துத் தள்ளும்; எலெக்ட்ரிக் வண்டி பிரேக் போடும்போதெல்லாம் கொஞ்சம் கரன்ட்டைத் திரும்பப் பேட்டரிக்கு அனுப்பும். அதனால் ஆபீஸ் போய்வரும் தூரத்துக்கு ரேஞ்ச் பற்றிக் கவலையே வேண்டாம். சின்ன பேட்டரியே வாரத்துக்கு ஒன்றிரண்டு சார்ஜில் தாங்கும்.

மதுரைப் பயணத்தை ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம்

தாம்பரத்திலிருந்து மதுரை சுமார் 440 கி.மீ. பெரிய பேட்டரி, 100 சதவீத சார்ஜ், விடிகாலை கிளம்பல். பெரம்பலூர் வரும்போது சுமார் 245 கி.மீ. ஓடியிருக்கும். பேட்டரியில் கிட்டத்தட்ட 24 சதவீதம் மிச்சம். அங்கே 80 சதவீதம் வரை ஏற்றினால், மீதி 195 கி.மீ.க்குப் போதும், 20 சதவீதத்தை ஒட்டிய சார்ஜோடு வீட்டு வாசலில் நிற்கலாம். ஆக ஒரே ஒரு ஸ்டாப். எவ்வளவு நேரம்? 50 கிலோவாட் டி.சி. சார்ஜரில் 10-லிருந்து 80 சதவீதத்துக்கு 58 நிமிடம் என்கிறது ஹூண்டாய். நம் கணக்குக்கு முக்கால் மணி நேரம். டிபன், டாய்லெட், குழந்தை கொஞ்சம் ஓடி விளையாடுவது எல்லாம் அதற்குள் அடங்கும்.

இதே பயணத்தை 42 பேட்டரியில் போனால் பெரம்பலூரைத் தொடுவதற்கே பயந்து பயந்து ஓட்ட வேண்டும். உளுந்தூர்பேட்டை பக்கம் ஒன்று, திருச்சி தாண்டி இன்னொன்று என இரண்டு ஸ்டாப் ஆகிவிடும். வருடத்துக்கு நாலு தடவை ஊருக்குப் போகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே பெரிய பேட்டரிக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். ஊரும் வேலையும் ஒரே மாவட்டத்தில் என்றால் வேண்டியதில்லை.

பொங்கல், தீபாவளி சமயம் வேறு கணக்கு. உங்களுக்கு முன்னால் இரண்டு வண்டி நின்றால், முக்கால் மணி நேரம் இரண்டரை மணி நேரமாகிவிடும். இந்த வண்டியின் பெரிய குறையும் இங்கேதான் தெரிகிறது. ஃபாஸ்ட் சார்ஜிங்கில் இது வேகமான வண்டி அல்ல. பக்கத்திலேயே 120 கிலோவாட் சார்ஜர் இருந்தாலும் இதற்குப் பெரிய லாபமில்லை. மஹிந்திராவின் ‘எக்ஸ்.இ.வி. 9இ’ போன்றவை 170 கிலோவாட்டுக்கு மேல் கரன்ட் வாங்கி, 20-லிருந்து 80 சதவீதத்தை 20 நிமிடத்தில் முடிப்பதாகச் சொல்கின்றன. அவ்வளவு சக்தியுள்ள சார்ஜர்கள் ஹைவேயில் எல்லா இடத்திலும் இல்லை என்பது இன்றைய நிலைமை. ஆனால் காரை 8 - 10 வருடம் வைத்திருக்கப் போகிறீர்களே!

கரன்ட் பில்லில் ஒளிந்திருக்கும் ‘ஸ்லாப்’

‘கி.மீ.க்கு ஒரு ரூபாய்தான் சார்’ - ஷோரூமில் இந்த வசனம் கட்டாயம் வரும். தமிழ்நாட்டு வீட்டு மீட்டரில் அது அப்படியே நடக்காது. நம் கரன்ட் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஸ்லாப் முறையில் வருவது. 2024 ஜூலை கட்டணப்படி 500 யூனிட்டைத் தாண்டினால் அடுத்த 100 யூனிட்டுக்கு ரூ.8.55, அதற்கு மேல் 800 வரை ரூ.9.65, 1,000 வரை ரூ.10.70, 1,000-க்கு மேல் ரூ.11.80.

மாதம் 1,200 கி.மீ. ஓட்டும் வீடு என்று வைப்போம். சார்ஜிங்கில் வீணாவதையும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் கூடுதலாக வரும். ஏற்கெனவே 500 யூனிட் ஓடும் வீட்டில் இந்த 400-ம் மேல் ஸ்லாப்பில்தான் போய் விழும். சுமார் ரூ.3,850. 500-ஐத் தாண்டியதால் கீழ் ஸ்லாப்பில் கிடைத்துவந்த சலுகையும் கொஞ்சம் போகும். ரூ.4,100 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆக கி.மீ.க்கு ஒரு ரூபாய் 70 பைசா. வெயில் காலத்தில் இரண்டு ஏ.சி. ஓடும் வீடு என்றால் இரண்டு ரூபாயைத் தொடும்.

அப்போதும் பெட்ரோலை விட மலிவுதான், அதில் சந்தேகமில்லை. லிட்டர் ரூ.100, சிட்டியில் 12 கி.மீ. மைலேஜ் என்றால் அதே 2,400 கி.மீ.க்கு ரூ.20,000. மாதம் ஏறக்குறைய ரூ.8,000 மிச்சம். பொது ஃபாஸ்ட் சார்ஜரை மட்டுமே நம்பினால் யூனிட் ரூ.20 அளவில் ஆகும். மிச்சம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

அப்படியானால் போட்ட காசு எப்போது திரும்பும்? பெட்ரோல் கிரெட்டாவின் அதே மாதிரி வேரியன்ட்டுக்கும் இதற்கும் ஆன்-ரோடு விலையில் ரூ.3 லட்சம் வித்தியாசம் என்றால், மாதம் 1,200 கி.மீ. ஓட்டுபவருக்கு மூன்று வருடம் சொச்சம். மாதம் 500 கி.மீ. மட்டுமே ஓட்டுபவருக்கு ஏழு வருடத்துக்கு மேல். வேலை முழுக்க ஒர்க் ஃபிரம் ஹோம், வண்டி சனி ஞாயிறு மட்டும்தான் வெளியே வரும் என்பவர்கள் காசு மிச்சத்துக்காக இதை வாங்கத் தேவையே இல்லை.

வரியையும் பார்த்துவிடுங்கள். எலெக்ட்ரிக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். கிரெட்டா சைஸ் பெட்ரோல் வண்டிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். முன்பு செஸ் சேர்த்து இதைவிட அதிகமாக இருந்தது. அதனால் பெட்ரோல் வண்டி விலை அப்போது இறங்கியது. எலெக்ட்ரிக் விலை அந்தக் காரணத்தால் இறங்கவில்லை. இன்னொரு பக்கம், தமிழ்நாட்டில் ரூ.10 - 20 லட்சம் காருக்கு சாலை வரி 18 சதவீதம், ரூ.20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். எலெக்ட்ரிக் வண்டிகளுக்கு 100 சதவீத விலக்கு தரப்பட்டது. இந்த விலக்கு காலக்கெடு வைத்து அறிவிக்கப்படுவது என்பதால், உங்கள் வண்டி பதிவாகும் தேதிக்கு அது உண்டா என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உறுதி செய்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். ரூ.20 லட்சம் வண்டியில் இது ரூ.3.6 லட்சம் விவகாரம். லோன் வட்டிக்கு வருமான வரியில் ரூ.1.5 லட்சம் கழிவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 80இஇபி பிரிவு 2023 மார்ச் 31-க்குள் சாங்ஷன் ஆன லோன்களுக்கு மட்டும்தான்.

வீட்டில் பிளக் பாயின்ட் இருக்கிறதா?

மேலே சொன்ன எல்லாக் கணக்கும் இந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால்தான் நிற்கும். தனி வீடு என்றால் பிரச்சினை குறைவு. 15 ஆம்பியர் பிளக்கில் பெரிய பேட்டரியை முழுசாக ஏற்ற 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் தினமும் 40 கி.மீ. ஓட்டுபவருக்கு இரவில் மூன்று மணி நேரம் போதும். 11 கிலோவாட் வால்பாக்ஸ் மாட்டினால் 10-லிருந்து 100 சதவீதத்துக்கு 4 மணி 50 நிமிடம். அதற்கு த்ரீ ஃபேஸ் லைன் வேண்டும், ஈ.பி. ஆபீஸில் லோடு கூட்ட வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும். அறிமுக விலையில் வால்பாக்ஸ் சேர்த்தியில்லை; அதற்குத் தனியாக சுமார் ரூ.73,000. பலருக்கு இது அநாவசியம்.

அபார்ட்மென்ட் என்றால்தான் சிக்கல். உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங்குக்கு கேபிள் இழுக்க அசோசியேஷன் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘பேஸ்மென்டில் தீப்பிடித்தால்?’ என்று ஒருவராவது கேட்பார். ‘பொது மீட்டரில் திருட்டுத்தனமாக ஏத்துவீங்களா?’ என்று இன்னொருவர். இந்தப் பேச்சை வண்டி வந்த பிறகு ஆரம்பித்தால் மாசக்கணக்கில் இழுக்கும். புக்கிங்குக்கு முன்னாலேயே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். கிடைக்கவில்லை என்றால், காரை இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உள்ளே உட்கார்ந்து பாருங்கள்

டெஸ்ட் டிரைவில் எல்லோரும் டிரைவர் சீட்டுக்குத்தான் போட்டி போடுவார்கள். குடும்ப வண்டிக்குப் பின் சீட்தான் பரீட்சை. பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் பின்பக்கத் தளம் கொஞ்சம் உயர்ந்திருக்கும். உயரமானவர்களுக்கு முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு, தொடைக்கு சப்போர்ட் குறையும். அரை மணி நேரத்தில் தெரியாது, நாலு மணி நேரத்தில் தெரியும். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டென்றால் அவரையே கூட்டிப்போய் உட்கார வையுங்கள்.

இன்னொன்று வாந்தி. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே வண்டி தானாக இழுத்துப் பிடித்து வேகம் குறையும். ஓட்டுபவருக்கு ஜாலி, பின்னால் இருக்கும் குழந்தைக்குக் குமட்டல். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள பேடில்களில் இந்த அளவைக் குறைத்துக்கொள்ளலாம். சேல்ஸ்மேனிடம் கேட்டு அதைக் குறைத்தும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

டிக்கி 433 லிட்டர், முன்னால் பானெட்டுக்குள் 22 லிட்டர். நாலு பேர் லக்கேஜுக்குப் போதும். டிக்கி தளத்தைத் தூக்கி உதிரி டயர் இருக்கிறதா, பங்சர் கிட் மட்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதைவிட இடம் வேண்டும் என்றால் 500 லிட்டர் டிக்கியோடு டாடா ‘கர்வ் இ.வி.’ இருக்கிறது; ஆனால் அதன் சரிவான கூரை பின் சீட்டில் தலையை இடிக்கும்.

சென்னைக்காரர்களின் தனிக் கேள்வி மழை. எலெக்ட்ரிக் கார்களின் பேட்டரிப் பெட்டிக்குச் சொல்லப்படும் ‘ஐ.பி.67’ என்பது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்குவதற்கான தரம். வெள்ளத்தில் ஓட்டலாம் என்பதற்கான லைசென்ஸ் அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி பார்க்கிங்குகளில் வண்டிகள் நின்றது நிமிடக் கணக்கில் அல்ல. வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல் சர்வீஸ் சென்டருக்கு போன் போடுங்கள். இன்ஷூரன்ஸில் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தனி கவர் சேர்த்திருக்கிறதா என்று பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். காரின் விலையில் பெரிய பங்கு அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

பேட்டரி வாரன்டி 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. இதில் கேட்க வேண்டியவை இரண்டு. பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள்? ஐந்தாவது வருடம் வண்டியை விற்றால், வாங்குபவருக்கும் அது செல்லுமா? இரண்டுக்கும் பதிலை வாய்வார்த்தையாக வாங்காதீர்கள். வாரன்டி புக்கில் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லி, போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.