கல்யாணத்தைப் பதியாவிட்டால் பிள்ளையைப் பதிய முடியாதா?
ஸ்ரீவராகம் தமிழ்க் குடும்பங்களின் வீண் பயம்

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது ஸ்ரீவராகம். வராகமூர்த்தி கோவிலும் அதன் பெரிய குளமும் இப்பகுதிக்கு அடையாளம். சாலைக் கடைவீதியில் மூட்டை தூக்குவோர், கணக்கு எழுதுவோர், சிறு கடை வைத்திருப்போர் என்று தமிழர்கள் பலர் இந்த வட்டாரத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். அதற்கு முன்பே பல வீடுகளில் ஒரு கவலை வந்துவிடும். பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். "நம்ம கல்யாணமே ரிஜிஸ்தர் ஆகலையே, பிள்ளையை எப்படிப் பதிவாங்க?" என்று தாய் கேட்பாள். தகப்பனுக்கும் பதில் தெரியாது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடுவார்கள். அடுத்த மாதம் அடுத்த வருடமாகிவிடும்.

ஊரில் அம்மன் சன்னதியில் தாலி கட்டி, நாலு பேர் முன்னிலையில் மாலை மாற்றி, மறுவாரமே நாகர்கோவில் வழியாக ரயிலேறி வந்தவர்கள் உண்டு. பெற்றோர் சம்மதமின்றிப் புறப்பட்டு வந்தவர்களும் உண்டு. ஊரில் ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் என்று இருப்பவர்களும் இல்லாமலில்லை. இவர்களில் யாரிடமும் திருமணப் பதிவுச் சீட்டு இருக்காது.

ஆனால் பிள்ளையின் பிறப்பைப் பதிய அந்தச் சீட்டு தேவையே இல்லை.

சட்டம் வேறு, சட்டம் வேறு

பிறப்பைப் பதிவது 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி. திருமணத்தைப் பதிவதற்குத் தனி விதிகள் உள்ளன. எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் உத்தரவிட்டது. அதையொட்டிக் கேரளத்தில் 2008-இல் விதிகளும் தமிழ்நாட்டில் 2009-இல் சட்டமும் வந்தன. கேரளத்தில் 45 நாட்களுக்குள்ளும் தமிழ்நாட்டில் 90 நாட்களுக்குள்ளும் பதிய வேண்டும். இதைச் செய்வது நல்லதே. செய்யாமல் போனாலும் கல்யாணம் செல்லாததாகி விடாது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 8-ஆம் பிரிவிலேயே இதைச் சொல்கிறது.

குழப்பத்துக்கு ஒரு காரணம் பிறப்புப் படிவத்தில் இருக்கிறது. திருமணத்தின்போது தாயின் வயது என்ன என்று அதில் ஒரு கேள்வி உண்டு. அதைக் கண்டதும் திருமண அத்தாட்சி கேட்கிறார்கள் என்று நினைத்து எழுந்து வந்துவிடுகிறார்கள். அந்தக் கேள்வி படிவத்தின் புள்ளிவிவரப் பகுதியைச் சேர்ந்தது. சான்றிதழில் அது ஏறாது. சான்றிதழில் வருவது பிறந்த தேதி, இடம், ஆணா பெண்ணா, பெயர், பெற்றோர் பெயர், முகவரி முதலியவையே.

பிறந்த ஊரில்தான் பதிவு

ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையைப் பற்றித் தகவல் கொடுக்க வேண்டியது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவர் சொல்ல வேண்டும். 21 நாள் கெடு.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போவது நம் வழக்கம். பிள்ளை திருநெல்வேலியில் பிறந்திருந்தால் பதிவும் திருநெல்வேலியில்தான். குடியிருப்பது ஸ்ரீவராகம் என்பதால் திருவனந்தபுரம் மாநகராட்சியில் பதிய முடியாது. இது தெரியாமல் மாநகராட்சி வாசலில் காத்து நின்று அரை நாள் கூலியை இழப்பது வீண்.

21 நாள் தாண்டினால் 30 நாள் வரை தாமதக் கட்டணம் மட்டும். அதன் பிறகு ஒரு வருடம் வரை மாவட்டப் பதிவாளர் அல்லது அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியின் அனுமதி வேண்டும். ஒரு வருடமும் தாண்டிவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். முன்பு இதற்கு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 2023-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட மாஜிஸ்திரேட், சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட் அல்லது மாவட்ட மாஜிஸ்திரேட் அதிகாரம் அளித்த நிர்வாக மாஜிஸ்திரேட்டே விசாரித்து உத்தரவிடலாம்.

அந்தத் திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. அன்று முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டர் பட்டியல், லைசென்ஸ், பாஸ்போர்ட், ஆதார், சர்க்கார் வேலை ஆகியவற்றுக்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் காட்டும் ஆதாரம் பிறப்புச் சான்றிதழே. பழைய நாளில் ஹெட்மாஸ்டர் ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக் கொண்டது போல இனி நடக்காது. தள்ளிப் போடுவதால் வரும் கஷ்டம் பெற்றோரோடு முடிவதில்லை.

தகப்பன் பெயர்

தகப்பன் கைவிட்டுப் போன இடங்களில்தான் சங்கடம் அதிகம். ஊருக்குப் பயந்து மாமன் பெயரையோ சித்தப்பன் பெயரையோ தகப்பன் என்று எழுதி வைப்பவர்கள் உண்டு. இதைப் போன்ற தவறு வேறில்லை. தெரிந்தே பொய்த் தகவல் தருவது குற்றம். பிற்காலத்தில் திருத்துவதும் எளிதல்ல.

கேரள உயர் நீதிமன்றத்துக்கு 2022-இல் அப்படி ஒரு வழக்கு வந்தது. மணமாகாத தாயின் மகன் ஒருவருக்கு மூன்று ஆவணங்களில் தகப்பன் பெயர் மூன்று விதமாக இருந்தது. நீதிபதி பி.வி.குஞ்ஞிகிருஷ்ணன் மகாபாரதக் கர்ணனைத் தீர்ப்பில் குறிப்பிட்டு, தாயின் பெயர் மட்டும் உள்ள சான்றிதழ் வழங்க உத்தரவிட்டார். அதற்கு முன்பே, 2015 ஜூலையில், மணமாகாத தாய் பிறப்புச் சான்றிதழ் கேட்டால் அவளுடைய பிரமாணப் பத்திரம் ஒன்றே போதும் என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் குமாஸ்தா தகப்பன் எங்கே என்று விரட்டினால் இந்தத் தீர்ப்பைச் சொல்லலாம். பதிய மறுத்தால் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

சொத்து விஷயம்

கல்யாணச் சீட்டு இல்லாத பெற்றோரின் பிள்ளைக்குச் சொத்தில் பங்கு உண்டா என்பது அடுத்த கேள்வி. கேரளத்துக் குடும்பம் ஒன்றின் பாக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 13-ஆம் தேதி தீர்ப்பளித்தது. ஆணும் பெண்ணும் நெடுங்காலம் கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால் கல்யாணம் நடந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அந்த வழக்கில் மகனுக்குப் பங்கு கிடைத்தது. முதல் மனைவி உயிரோடிருக்கும்போது செய்த இரண்டாம் கல்யாணம் செல்லாது. ஆனால் இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி அதில் பிறந்த பிள்ளை சட்டப்படியான பிள்ளைதான். பெற்றோரின் சொத்தில் அதற்கு உரிமை உண்டு. மற்ற உறவினர் சொத்தில் இல்லை.

பெயர் வைக்காத பிள்ளையையும் பதியலாம். பஞ்சாங்கம் பார்த்து, பாட்டனார் ஊரிலிருந்து வந்து பெயர் சொல்லும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ள இடமுண்டு. ஒரு வருடத்துக்குள் சேர்த்தால் அதற்குக் கட்டணமும் கிடையாது.