எரியாத விளக்கும் காற்றுப் பையும்: பழைய கார் வாங்குவோர் கவனத்துக்கு

பழைய கார் ஒன்றை விற்பவர் திறப்பைத் திருப்பிக் காட்டி, "அண்ணை, வடிவாப் பாருங்கோ, ஒரு லைற்றும் நிக்கேல்லை. வண்டி நல்ல சுத்தம்" என்று சொல்வது வழக்கம். வாங்க வந்தவரும் தலையாட்டுவார். விளக்கு எரிந்தால் பழுது, எரியாவிட்டால் நலம் என்பதே எம்மில் பலருடைய கணக்கு.

ஆனால் உழவு இயந்திரம் ஓட்டியவர்கள் இக்கணக்கு பிழை என்பதை அறிவார்கள். திறப்பைத் திருப்பியதும் ஒயில் விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் இயங்கியதும் அது அணைய வேண்டும். தொடக்கத்திலேயே அது எரியாவிட்டால், ஒயில் நிறைய இருக்கிறது என்று எவரும் நிம்மதி அடைவதில்லை. மின்குமிழ் போய்விட்டது என்று சொல்லி அதை மாற்றுவோம். காற்றுப் பையின் விளக்கும் இவ்வாறானதே. அது எரியாமல் இருப்பது நல்ல செய்தி அல்ல. எரிந்தபடி நிற்கும் விளக்கு பழுது உண்டு என்றாவது சொல்கிறது. எரியாத விளக்கோ ஒன்றும் சொல்வதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை ஏறியது. 20, 25 வயதான வாகனங்கள் கைமாறிக் கைமாறி எமது பகுதிகளுக்கும் வந்தன. தம் காணிக்குத் திரும்பியவர்களும், இன்னும் உறவினர் வளவில் இருப்பவர்களும், இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து ஒரு காரை வாங்கி வாடகைக்கு ஓடுகிறார்கள். மரக்கறி சந்தைக்குப் போவதும் அதில்தான். இரவில் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில்தான். அப்படி ஒரு வாங்கலில் நாமும் கூட நின்றோம். மச்சான்மார் இருவர், 1999 ஆம் ஆண்டு ஜப்பானில் செய்த கார். பசு இரண்டு விற்ற காசும், ஒரு சங்கிலி அடைவு வைத்த காசும் அதற்குள் போகவிருந்தன. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

முதலில் அந்தப் பை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஸ்ரியறிங்கின் நடுமூடிக்குள்ளும், பல கார்களில் இடப்பக்க டாஷ்போட்டுக்குள்ளும் ஒரு துணிப் பை மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதன் பின்னால் ஒரு சிறு உலோகப் பெட்டியில் வெடிமருந்து போன்ற பொருள் இருக்கும். கார் முன்பக்கமாகப் பலமாக மோதினால், கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு மின்துடிப்பை அனுப்பும். மருந்து எரிந்து வாயு உண்டாகி, கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, ஏறத்தாழ ஒரு விநாடியின் முப்பதில் ஒரு பங்கில் பை விரியும். ஜப்பானியக் கார்களில் இது முதன்முதல் 1987 இல் ஹொண்டா லெஜென்ட் காரில் வந்தது. 1990களின் பிற்பகுதியில் சாதாரண கார்களுக்கும் பரவியது. ஆகவே 1980களின் வான்களிலும், 90களின் பல வான்களிலும் இது இல்லவே இல்லை. அவற்றில் விளக்கைத் தேடிப் பயனில்லை. ஸ்ரியறிங் மூடியில் எஸ்.ஆர்.எஸ். என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தால் பை பொருத்தப்பட்ட கார் என்று கொள்க. அந்த எழுத்துகளின் பொருள் 'துணையான பாதுகாப்பு' என்பது. எதற்குத் துணை என்றால், ஆசனப்பட்டிக்கு.

கட்டுப்பாட்டுப் பெட்டி, திறப்பைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் தன்னைத் தானே சோதிக்கிறது. அந்த நேரத்தில் விளக்கை எரிய வைக்கிறது. எல்லாம் சரி என்றால் 6, 7 விநாடியில் அணைக்கிறது. பிழை கண்டால் எரிய விட்டுவிடுகிறது, அல்லது மினுங்க வைக்கிறது. இதிலிருந்து கராஜுக்குப் போகாமலே செய்யக்கூடிய ஒரு சோதனை கிடைக்கிறது.

வெயில் படாத இடத்தில் காரை நிறுத்துங்கள். திறப்பைத் திருப்புங்கள், ஆனால் எஞ்சினை இயக்க வேண்டாம். இது முக்கியம், விற்பவர் அவசரப்பட்டு இயக்கிவிட்டால் நிறுத்தச் சொல்லி மீண்டும் செய்யுங்கள். இப்போது ஒயில் விளக்கும் பற்றரி விளக்கும் எரிந்தபடி நிற்கும். அவற்றோடு காற்றுப் பை விளக்கும் எரிய வேண்டும். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். எஞ்சின் இயங்காத போதும் அது மட்டும் தானாக அணைந்தால் முறையாக இருக்கிறது. ஒயில் விளக்கோடு சேர்ந்தே நின்று, எஞ்சின் இயங்கியதும் அதனோடு சேர்ந்தே அணைந்தால், எவரோ ஒருவர் அந்த வயரை ஒயில் அல்லது பற்றரி விளக்கோடு இணைத்திருக்கிறார் என்று பலமாகச் சந்தேகிக்கலாம். இது பழைய தந்திரம். எண்ணிப் பார்க்காதவர் கண்ணுக்குத் தெரியாது.

எரியவே இல்லை என்றால் காரணம் பல இருக்கலாம். பக்கத்து விளக்குகளும் எரியவில்லையா? அப்படியானால் மீற்றர் பகுதிக்குப் போகும் பியூஸையோ வயரையோ பார்க்க வேண்டும், பெரிய விடயம் அல்ல. மற்றவை எரிந்து இது மட்டும் எரியாவிட்டால், பழைய கார்களில் முதலில் நினைக்க வேண்டியது மின்குமிழை. மீற்றரின் பின்பக்கம் திருகிப் பொருத்தும் சிறு குமிழ் அது. விலை மிகச் சொற்பம். இருபத்தைந்து வருடத்தில் அது தானாகவே கருகியிருக்கலாம். கழற்றவும் பட்டிருக்கலாம். ஏன் கழற்றுவார்கள்? பல கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பைக் கழற்றினாலும் விளக்கு எரியும்படியே வயர் அமைத்திருக்கிறார்கள். எனவே பழுதை மறைக்க நினைப்பவருக்கு எளிய வழி குமிழை எடுப்பது, அல்லது அதன் முகத்தில் கறுப்பு நாடா ஒட்டுவது.

மீற்றரைக் கழற்றிக் குமிழ் மாற்றுவது வயறிங் தெரிந்த எவராலும் முடியும். நாம் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். ஸ்ரியறிங் மூடியைக் கழற்றுவதும், மஞ்சள் நிற இணைப்புகளில் கை வைப்பதும் வீட்டு வளவில் செய்யும் வேலை அல்ல. அந்த இணைப்புகளுக்கு மஞ்சள் நிறம் கொடுத்ததே எச்சரிக்கைக்காக. தெரிந்த மெக்கானிக்காக இருந்தாலும் பற்றரியின் மறை முனையைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெட்டிக்குள் மின்சாரம் சிறிது நேரம் தேங்கி நிற்கும். ரொயோட்டா 90 விநாடி என்கிறது, ஹொண்டா 3 நிமிடம் என்கிறது. ஐந்து, பத்து நிமிடம் விட்டால் நட்டம் ஒன்றுமில்லை. எல்லாவற்றிலும் ஆபத்தானது, பையின் இணைப்பில் சோதனைக் குமிழையோ சாதாரண மீற்றரையோ வைத்துப் பார்ப்பது. மீற்றரில் இருந்து போகும் சிறு மின்னோட்டமே பையை வெடிக்க வைக்கலாம். குனிந்து பார்ப்பவரின் முகம் அதற்கு நேரே இருக்கும்.

குமிழைப் போட்டபின் விளக்கு அணையாமல் நின்றால் அதுவும் ஒரு பலன். இனிக் காரணத்தைத் தேடலாம். பழைய ரொயோட்டாக்கள் போன்றவற்றில் பழுதின் குறியீட்டை அந்த விளக்கே மினுங்கிக் காட்டும். குமிழ் இல்லாவிட்டால் அதையும் வாசிக்க முடியாது. அடிக்கடி காணும் காரணங்கள் சில உண்டு. ஸ்ரியறிங்கோடு சேர்ந்து சுழலும் சுருள் வயர் அறுந்திருக்கும்; அப்போது ஹோர்னும் பல வேளைகளில் அடிக்காது. ஆசனத்துக்குக் கீழ் உள்ள இணைப்பு தளர்ந்திருக்கும். வெள்ளத்தில் நின்ற காரானால் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கும். இவை திருத்தக் கூடியவை. திருத்த முடியாதது, பையே இல்லாமல் இருப்பது.

இனி அந்த மச்சான்மாரின் காரைப் பற்றிச் சொல்கிறோம். விளக்கு எரியவில்லை. மற்ற விளக்குகள் எல்லாம் எரிந்தன. பக்கத்துக் கராஜில் மீற்றரைக் கழற்றினோம். குமிழ் இருந்த குழி வெறுமை. புதிய குமிழ் போட்டதும் விளக்கு எரிந்தது, அணையவில்லை. மினுங்கிய குறியீடு சாரதிப் பக்கப் பையின் சுற்று அறுந்திருப்பதாகக் காட்டியது. வேலை தெரிந்தவர் பற்றரியைக் கழற்றி, காத்திருந்து, மூடியைத் திறந்தார். உள்ளே பை இல்லை. எப்போதோ மோதி வெடித்த பிறகு மூடியை மட்டும் ஒட்டி வைத்திருந்தார்கள். விற்றவர், தான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றார். உண்மையாகவும் இருக்கலாம். அவரும் திறப்பைத் திருப்பிப் பார்த்து, விளக்கு இல்லை என்று மகிழ்ந்தே வாங்கியிருப்பார்.

சிலர் பை இருந்த இடத்தில் ஒரு சிறு மின்தடையைப் பொருத்திப் பெட்டியை ஏமாற்றுவதும் உண்டு. அப்போது விளக்கு ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணையும். எனவே விளக்கோடு கண்ணையும் பயன்படுத்த வேண்டும்: மூடியின் நிறம் டாஷ்போட்டோடு ஒத்துப் போகிறதா, இடப்பக்க மூடியில் பசை தெரிகிறதா, ஆசனப்பட்டி இழுபட்டுத் திரும்புகிறதா, இறுகி நிற்கிறதா என்று பாருங்கள். இங்கே வருடாந்தம் செய்யும் புகைப் பரிசோதனை புகையை மட்டுமே பார்க்கிறது. அந்தச் சான்றிதழ் இதற்கு உத்தரவாதம் அல்ல.

உடைந்த கார்களில் கழற்றிய பையை மலிவாகப் போடலாம் என்று இளையவர் கேட்டார். வேண்டாம் என்றோம். ஜப்பானின் தகாட்டா நிறுவனம் செய்த பைகளில் இருந்த அமோனியம் நைத்திரேற்று, வெப்பமும் ஈரப்பதனும் பல வருடம் பட்டதும் பழுதாகி, உலோகப் பெட்டியைச் சிதறடித்து ஆட்களைக் கொன்றது. 2008 முதல் திரும்பப் பெறும் வேலை நடக்கிறது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 கோடி 70 இலட்சம் பைகள் அதற்குள் அடங்கின. 2017 இல் நிறுவனம் வங்குரோத்தானது. எமது காலநிலை அதற்கு மிகக் கெட்ட காலநிலை. எந்தக் காரில் இருந்து கழற்றியது என்று தெரியாத பையை மார்புக்கு நேரே பூட்டுவதிலும், இல்லாமல் ஓடுவது மேல். பை உள்ள கார் வைத்திருப்போர், சசி இலக்கத்தைக் கொடுத்து அது திரும்பப் பெறப்பட்டதா என்று அந்தக் கார் இனத்தின் முகவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

பை இல்லாத காரிலும் ஆசனப்பட்டி வேலை செய்யும். 2011 முதல் முன்னாசனத்தில் அது சட்டமும் கூட. பை உள்ள காரானால் சாரதியின் மார்புக்கும் ஸ்ரியறிங்குக்கும் இடையில் ஒரு முழங்கை நீளத்தில் பாதியாவது, அதாவது 25 சென்ரிமீற்றர், இருக்கட்டும். குழந்தையை மடியில் வைத்து முன்னால் இருப்பதை, பை இருந்தாலும் இல்லாவிட்டாலும் விட்டுவிட வேண்டும்.

மச்சான்மார் அன்று வாங்காமல் திரும்பினார்கள். நான்கு நாள் கழித்து விற்றவரே விலையைக் குறைத்து ஆள் அனுப்பினார். குறைந்த காசு சங்கிலியை மீட்கப் போதுமாயிருந்தது. காரின் இரண்டு முன் பட்டிகளையும் புதிதாக மாற்றினார்கள். புதிய குமிழைக் கழற்றவில்லை. அந்தச் சிவப்பு விளக்கு இன்றும் எரிந்தபடியே ஓடுகிறது. ஏறுபவர் கேட்டால் காரணம் சொல்கிறார்கள்.