உவர்க்காற்றும் நுண்மின்னோட்டமும்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டுக் கழியோரம், மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனை நிலையம் இருக்கிறது. இறால் வளர்க்கும் குளம் எதுவாயினும், இரவெல்லாம் பாசியும் இறாலும் சேர்ந்து சுவாசித்து நீரில் கரைந்த பிராணவாயுவைச் செலவழித்துவிடுவதால், விடியலுக்கு முந்திய வேளையே ஆபத்தானது; லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே அது இறங்கலாகாது.

அதை அளக்கும் உணர்முனையை அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க் 1950களில், இரத்தத்திலுள்ள பிராணவாயுவை அறியும் பொருட்டு அமைத்தார். பிளாட்டினம், வெள்ளி ஆகிய இரு மின்முனைகளை உப்புக் கரைசலோடு மெல்லிய பிளாஸ்டிக் சவ்வால் மூடி, அவற்றிடையே சுமார் 0.7 வோல்ட் அழுத்தம் கொடுத்தால், சவ்வை ஊடுருவிப் பிளாட்டினத்தை அடையும் ஒவ்வொரு பிராணவாயு மூலக்கூறும் நான்கு எலெக்ட்ரான்களை ஏற்கிறது. அதனால் எழும் மின்னோட்டம் வாயுவின் அளவை ஒட்டியே ஏறி இறங்கும். காற்றால் நிறைவுற்ற நீரில், சிறிய உணர்முனையில் அது 100 நானோ ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் கோடியில் ஒரு பங்கு என்று கொள்வோம்.

ஆப்-ஆம்ப் பெருக்கியோடு 10 மெகா ஓம் மின்தடையை இணைத்தால் இது 1 வோல்ட்டாகிவிடும். ஏரேட்டர் மோட்டார்களிலிருந்து வந்து கலக்கும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை, அத்தடையோடு 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியைப் பக்கமாக இணைத்து, முந்நூறில் ஒரு பங்காக அடக்கலாம். குளத்து நீர் நொடிக்கு நொடி மாறுவதில்லையாகையால் இதனால் இழப்பு ஏதுமில்லை.

உண்மையான சத்துரு உவர்க்காற்றே. இணைப்பியில் படியும் உப்பும் ஈரமும் இரு முனைகளிடையே 100 மெகா ஓம் கசிவுப் பாதையை உண்டாக்கினால், 7 நானோ ஆம்பியர் வீணாக ஓடும். இறாலுக்கு மூச்சு முட்டும் நேரத்திலும் கருவி 0.4 மில்லிகிராமுக்கு மேல் கூடுதலாகக் காட்டும். இக்கசிவு அதிராமல் ஒரே சீராக ஓடுவதால் எந்த வடிப்பானுக்கும் அகப்படாது. பெருக்கியின் உள்ளீட்டைச் சுற்றி அதே மின்னழுத்தத்திலுள்ள காப்பு வளையம் ஒன்றை வரைந்துவிட்டால், கசிவை வளையம் ஏற்றுக்கொள்ளும். வளையத்துக்கும் உள்ளீட்டுக்கும் இடையே அழுத்த வேற்றுமை இல்லாமையால் அங்கே ஓட்டம் எழாது. விலையுயர்ந்த சில்லைத் தேடி அலைவதைக் காட்டிலும், செப்புத்தகட்டில் வரையும் இந்த வளையமே பெரிய உபகாரம் என்பது என் துணிபு.

செங்கல்பட்டு வட்டாரத்தில் இத்தகைய கருவி செய்ய முனையும் மாணவர்கள், அதைக் குளத்துக்குக் கொண்டுபோகுமுன், சோடியம் சல்ஃபைட் கரைத்துப் பிராணவாயு நீக்கிய நீரில் உணர்முனையை அமிழ்த்திப் பார்க்கவேண்டும். அங்கே பூஜ்யத்தை நெருங்காத கருவியை நம்பிப் பண்ணைக்காரரிடம் கொடுக்காதீர்கள்.