எந்த வட்டாரம்?

ஹவாய்க்காரங்க லாஸ் வேகாஸை ‘ஒன்பதாவது தீவு’ன்னு சொல்றாங்க. பாலைவனத்துல இருக்கிற ஊர், கடல் கிடையாது. ஆனா ஹவாயில் விலைவாசி தாங்காமல் அங்கே குடியேறினவங்க ஏராளம். 2020 கணக்கெடுப்பின்படி, பூர்வீக ஹவாய் மக்களில் பாதிக்கு மேல் தீவுகளுக்கு வெளியேதான் வாழ்கிறார்கள்.

தமிழில் இதுக்கு நேர் உதாரணம் யாழ்ப்பாணத்துத் தீவகம். காரைநகர், வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு எல்லாம் சேர்ந்தது. தனிநாயகம் அடிகள் இந்தப் பக்கத்துக் கரம்பொன்காரர். ‘ஆடுகளம்’ படத்துல பேட்டைக்காரனா நடிச்ச கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலனுக்கு வேர் நெடுந்தீவு, வாழ்வது நோர்வே.

தீவுகளில் நல்ல தண்ணி குறைவு, விவசாயத்தை மட்டும் நம்ப முடியாது. அதனால ஆண்கள் கொழும்புக்கும் தென்னிலங்கை ஊர்களுக்கும் போய்க் கடை வைத்தார்கள். 1983 கலவரம் அந்தக் கடைகளை அழித்தது. 1990-91இல் ராணுவம் தீவுகளைப் பிடித்தபோது ஊரும் காலியானது. டொராண்டோ, பாரிஸ், லண்டன், சுவிஸ் என்று சிதறினார்கள்.

அங்கே அவங்களைச் சேர்த்து வைக்கிறது ‘தமிழர்’ என்ற பொது அடையாளம் மட்டும் இல்லை. அதைவிடச் சின்னது ஒண்ணு இருக்கு: வட்டாரம். புங்குடுதீவில் 12 வட்டாரங்கள். வெளிநாட்டில் இருவர் சந்திச்சா, ‘நீங்கள் எந்த வட்டாரம்?’ என்பதில் பாதி அறிமுகம் முடிஞ்சிடும். ஈழத்து மரண அறிவித்தல்களைப் படிச்சுப் பாருங்க. இன்ன ஊர் இன்ன வட்டாரத்தைப் பிறப்பிடமாகவும், இன்ன நாட்டை வதிவிடமாகவும் கொண்டவர் என்றுதான் ஆரம்பிக்கும். ஒரு வரியில் ஒரு இடப்பெயர்வு வரலாறே இருக்கு.

ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இந்த முகவரியின் மேல்தான் நிற்குது. பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம், கோயில் திருப்பணி, பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு என்று ஊருக்குப் பணம் போகுது. கனடாவில் புங்குடுதீவுக்காரங்க நடத்துற விழாவுக்குப் பேர் ‘பூவரசம் பொழுது’. இலையைச் சுருட்டி நாம பீப்பீ ஊதுவோமே, அதே பூவரசு. ஹவாயிலும் அந்த மரம் உண்டு, பேர் ‘மிலோ’.

ஸ்ரீமுஷ்ணம் மாதிரி ஊர்லேர்ந்து சென்னைக்குப் போனவங்களுக்கு இந்தத் தவிப்பு அவ்வளவா புரியாது. ராத்திரி பஸ் ஏறினா விடியறதுக்குள்ள ஊர்.

இனிமே என்ன ஆகும்? அமெரிக்க நகரங்களில் ஹூலா நடனப் பள்ளிகள் நடக்குது. டொராண்டோவில் பரதமும் மிருதங்கமும் நடக்குது. கலையை எங்கே வேணும்னாலும் கத்துக்கொடுக்கலாம். வட்டாரத்தை வகுப்பு வைத்துக் கத்துக்கொடுக்க முடியாது. எந்தக் கிணறு யாருடையது, எந்தக் கோயிலில் எந்த நாள் திருவிழா யாருடைய உபயம் என்பதெல்லாம் நடந்து திரிஞ்சு தெரிஞ்சுக்கிற விஷயம்.

அதனாலதான் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற குடும்பங்கள் எனக்கு முக்கியமாத் தெரியுது. குறிகட்டுவான் துறையில் படகு ஏறும் அந்தப் பிள்ளைகளுக்குப் பிறப்பிடம் டொராண்டோவாகவே இருக்கட்டும். ‘எந்த வட்டாரம்?’ என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதில் இருக்கும். சங்கங்கள் மண்டப விழாவுக்குச் செலவழிக்கிறதுல ஒரு பங்கை இந்தப் பயணத்துக்கு ஒதுக்கலாம்.