பனி நாட்டில் மிளகாய்ச் செடி

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் நமக்குக் கொண்டாட்டம். வீட்டுக்குள் தொட்டியில் இருக்கும் மிளகாய் நாற்றுக்கோ திண்டாட்டம். தண்டு மெலிந்து நீளும், இலை வெளுக்கும், செடி ஜன்னல் பக்கமாகச் சாயும். "குளிர் தாங்கவில்லை" என்பார்கள் வீட்டில். அது குளிரால் மட்டும் வாடவில்லை, பசியாலும் வாடுகிறது. செடி உணவு தயாரிக்க ஒளி வேண்டும் அல்லவா?

இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளக் கனடா நாட்டு டொராண்டோ நகரத்துக்குப் போவோம். ஈழத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் சென்ற தமிழர்கள் ஏராளமாக வாழும் ஊர் அது. கோடையில் வெளியே வைத்த மிளகாய்த் தொட்டியைப் பனிக்காலத்தில் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். மிளகாய் பல ஆண்டு வாழக்கூடிய செடி. ஆனால் உறைபனி அதைக் கொன்றுவிடும். வீட்டுக்குள் சூடேற்றும் கருவி உண்டு. வெப்பநிலை ஏறக்குறைய 20 பாகை செல்சியஸ். ஆகவே செடி பிழைத்துக்கொள்கிறது. ஆனால் காய்ப்பதில்லை. ஏன்?

டிசம்பர் 22ஆம் நாளை எடுத்துக்கொள்வோம். அன்று நண்பகலில் தென்காசியில் சூரியன் தொடுவானத்துக்கு மேல் சுமார் 58 பாகை உயரத்தில் இருக்கும். டொராண்டோவில் 23 பாகைதான். டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ஒளிவட்டம் நீண்டு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல, 1 சதுர மீட்டர் குறுக்குப் பரப்புள்ள சூரியக் கற்றை தென்காசித் தரையில் சுமார் 1.2 சதுர மீட்டரில் பரவும், டொராண்டோவிலோ 2.6 சதுர மீட்டரில்! பகல் நேரமும் நம் பதினொன்றரை மணிக்கு எதிராக அங்கே 9 மணிதான். போதாக்குறைக்கு, வீட்டுக் கூரை வேறு வானத்தை மறைக்கிறது.

"அறை வெளிச்சமாகத்தானே இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நம் கண் ஏமாற்றுகிறது. உச்சி வெயிலின் ஒளிச்செறிவு சுமார் 1,00,000 லக்ஸ்; விளக்கு எரியும் அறையில் சில நூறு லக்ஸ்தான். கண் இரண்டுக்கும் தன்னைப் பழக்கிக்கொள்ளும். இலையால் அது முடியாது.

ஆகவே விளக்கு வைக்க வேண்டும். பழைய குண்டு பல்பு உதவாது. அது மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடும். எல்.இ.டி. விளக்கு நல்லது. இலையின் பச்சையம் மிகுதியாக உறிஞ்சும் சிவப்பையும் நீலத்தையும் அதனால் தர முடியும். தூரமும் முக்கியம். சிறிய விளக்கை 30 செ.மீ. தூரத்திலிருந்து 60 செ.மீ. தூரத்துக்கு நகர்த்தினால் ஒளி பாதியாகாது, கால் பங்காகும். எதிர் இருமடி விதி என்று பாடத்தில் படித்தது இதுதான்.

பூத்த பிறகு இன்னொரு வேலை. மகரந்தத்தை உதிர்க்க வீட்டுக்குள் காற்றில்லை, தேனீயுமில்லை. பூவை விரலால் மெல்லத் தட்டிவிட வேண்டும்.

பூமியை விட்டே போனாலும் கணக்கு இதுதான். 2021 ஜூலையில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் மிளகாய் பயிரிட்டார்கள். எல்.இ.டி. விளக்குகள் வெயிலாயின; விசிறி தென்றலாயிற்று. அக்டோபர் 29 அன்று முதல் பழங்களைப் பறித்து வீரர்கள் சுவைத்தார்கள்.

பனியில் வளர்ந்த மிளகாய் காரமாக இருக்குமா? இருக்கும். காரம் என்பது வெயிலின் சூடு காயில் தங்கியதல்ல. விதைகளைத் தாங்கும் வெண்ணிறத் திசுவில் செடி தயாரிக்கும் கேப்சைசின் என்ற பொருள். நாக்கில் சூட்டை உணரும் அதே ஏற்பியை அது தூண்டுவதால்தான் "எரிகிறது" என்கிறோம். இந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இனி உங்கள் முறை. ஒரே அளவான இரண்டு தொட்டிகளில் மிளகாய் விதையுங்கள். முளைத்ததும் ஒன்றை ஜன்னலோரத்திலும் மற்றதை ஒன்றரை மீட்டர் உள்ளேயும் வையுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர். பத்து நாள் கழித்து உயரம், தண்டின் பருமன், இலைகளின் எண்ணிக்கை, நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் எச்சரிக்கை: உயரமான செடிதான் நன்றாக வளர்ந்தது என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள்!